கல்ச்சரில் கிருமி இல்லை, ஆனாலும் எரிகிறது: பெயர் தெரியாத நீர்ப்பைத் தொல்லையோடு வாழ ஒரு வழிகாட்டி

சேலத்தில் இதைச் சூடு என்பார்கள். நீர் பிரியும்போது எரிகிறது என்று சொன்னவுடன், தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் வைத்துவிட்டு, ஊறவைத்த வெந்தயமும் இளநீரும் கொடுப்பார்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தண்ணீர் போதாமல் வருகிற சாதாரண நீர்க்கடுப்பு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும் என்பதால் அந்த வைத்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வழிகாட்டி அப்படி அடங்காதவர்களுக்கானது: வாரக்கணக்கில் அடிவயிற்றில் அழுத்தம், எரிச்சல், அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறை, இரவில் நான்கைந்து முறை விழிப்பு என்று இருந்தும், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைச் சீட்டில் ஒவ்வொரு முறையும் ‘வளர்ச்சி இல்லை’ என்றே வருகிறவர்களுக்கானது.

எனக்கு அது மூன்று ஆண்டுகள் நீடித்தது. அதில் முதல் ஒன்றரை ஆண்டு ஆன்டிபயாட்டிக் மாற்றி ஆன்டிபயாட்டிக் விழுங்கியதில் போனது. நான் மருத்துவர் அல்ல. ஆனால் எதை எந்த வரிசையில் செய்திருந்தால் அந்தக் காலம் வீணாகியிருக்காது என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும்.

முதலில், காத்திருக்கக் கூடாத நிலைகள்

கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் இரத்தம், குளிர்க் காய்ச்சலுடன் விலாவிலோ இடுப்புக்கு மேல் முதுகிலோ வலி, முட்டிக்கொண்டிருந்தும் நீர் பிரியாமை, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், காலில் திடீர் பலவீனம் ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் சாதாரண எரிச்சலைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. புகைபிடிக்கும் பழக்கம் இருந்து நாற்பதைக் கடந்தவர்களுக்கு, வலியில்லாமல் ஒரே ஒருமுறை இரத்தம் வந்து நின்றுவிட்டாலும் அது நின்றுவிட்டது என்று நிம்மதியடைய இடமில்லை. நீர்ப்பைப் புற்று பலருக்கு அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இரண்டாவது, ஒரு அளவுக் குவளையும் நாற்பது பக்க நோட்டும்

நான் செய்தவற்றில் மிக மலிவானதும் மிகவும் பயன்பட்டதும் இதுதான். பாத்திரக் கடையில் மி.லி. கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கி, குளியலறை வாளிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். நோட்டும் பென்சிலும் ஜன்னல் திட்டில் இருந்தன. தொடர்ந்து மூன்று நாட்கள், அவற்றில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கும்படி, ஒவ்வொரு முறையும் மணி, அளவு, பத்துக்கு எத்தனை என்று வலியின் மதிப்பு, அதற்கு முன் குடித்தது என்ன என்பதை எழுதினேன். இரவில் எழுந்தவற்றை எழுதுவதுதான் கடினம். அவற்றை விட்டுவிட்டால் நோட்டின் பாதிப் பயன் போய்விடும்.

இந்த மூன்று நாள் கணக்கு பல முடிச்சுகளை அவிழ்க்கும். ஒவ்வொரு முறையும் 300 மி.லி. போகிறது, நாள் முழுவதும் கூட்டினால் உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி. வீதத்தைத் தாண்டுகிறது என்றால், குறை நீர்ப்பையில் இல்லை. சர்க்கரையைப் பார்க்க வேண்டும், அல்லது ‘நிறையத் தண்ணீர் குடி’ என்ற அறிவுரையை நீங்கள் அளவுக்கு மீறிப் பின்பற்றுகிறீர்கள். மொத்த அளவு சரியாக இருந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரவில் வருகிறது என்றால், கால் வீக்கம், இதயம், குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, மாலையில் சாப்பிடும் இரத்தக்கொதிப்பு மாத்திரை ஆகிய பக்கங்களில் தேட வேண்டும். பகலில் 60, 80 என்று துளித்துளியாகப் போய், இரவு முழுவதும் தூங்கி, காலையில் 400 மி.லி. வருகிறதென்றால் நீர்ப்பை சுருங்கிவிடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பழக்கமும், நீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையின் இறுக்கமும் அங்கே சந்தேகத்துக்குரியவை. இரவும் பகலும் சிறிய அளவுகளே வருகின்றன, நீர் சேரச்சேர வலி ஏறுகிறது, போனதும் சற்றே தணிகிறது என்றால், அது நீர்ப்பை வலியின் தன்மை. என் நோட்டில் இருந்தது இந்தக் கடைசி வகை. அதிகபட்ச அளவு 140 மி.லி.

மூன்றாவது, மாதிரியைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது

சிறுநீர்க் கல்ச்சரின் நம்பகத்தன்மை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, உங்கள் குளியலறையில் தொடங்குகிறது. தண்ணீரால் கழுவி, முதல் சிறு பகுதியை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமிநீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். அறை வெப்பத்தில் அது இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்; முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். ஏற்காட்டில் என் தாய்வீட்டில் தங்கியிருந்தபோது காலை ஆறு மணிக்குப் பிடித்த மாதிரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அடிவாரம் தாண்டி நகருக்குள் வந்து கொடுக்கும்போது மணி பத்தாகிவிட்டது. மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தது. மலையில் குளிர்தானே என்று நினைத்தேன், சமவெளியில் அந்தப் பை இருந்த வெயிலை நினைக்கவில்லை. அந்த அறிக்கையை வைத்து ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டதுதான் மிச்சம். அடுத்த முறை, வாயகன்ற ஃபிளாஸ்கில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, டப்பாவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்து இறக்கினேன். ஒன்றும் வளரவில்லை.

மாதிரி கொடுத்த பிறகே ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரைகளை முந்தைய இரவே போட்டுக்கொண்டு, காலையில் கல்ச்சருக்குப் போவதுதான் நாம் செய்வது. அந்த இரண்டு மாத்திரை போதும், வளரவேண்டியது வளராமல் போக.

நான்காவது, அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பல ஆய்வகங்கள் ஒரு மி.லி.க்கு ஒரு லட்சம் கிருமிக்கூட்டம் என்ற எல்லையை வைத்தே தொற்று என்கின்றன. இந்த எல்லை 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸின் ஆய்வுகளிலிருந்து வந்தது. நீர்க்கடுப்போடு வருகிற பெண்களுக்கென்று அது வகுக்கப்பட்டதல்ல. 1982இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டாமும் அவருடைய குழுவினரும், கடும் எரிச்சலுள்ள பெண்களிடம் மி.லி.க்கு நூறு என்ற அளவிலுள்ள ஈ.கோலைக் கிருமிகூட உண்மையான தொற்றாக இருக்கலாம் என்று காட்டினார்கள். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் ஒரே வகைக் கிருமி வளர்ந்திருந்தால், அதையும் அறிக்கையில் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்ளலாம்.

சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் குச்சிச் சோதனையில் நைட்ரைட் (பல கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் வேதிப்பொருள்) இல்லை என்பதும் முடிவான சொல் அல்ல. என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதில்லை. உண்டாக்குபவை அதைச் செய்வதற்கும் சிறுநீர் சுமார் நான்கு மணி நேரம் நீர்ப்பையில் தங்கியிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை போகிறவருக்கு அது எங்கே தங்கும்? அதே சமயம் இந்தக் குறைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒளிந்திருக்கும் தொற்றுதான் என்று தானே முடிவுகட்டி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் தேடி அலைவதும் தவறு. சீழ் அணுக்களும் இல்லை, சரியாக எடுத்த கல்ச்சர் இரண்டு மூன்று முறையும் சுத்தம் என்றால், கிருமியை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சீழ் அணுக்கள் தொடர்ந்து இருக்கின்றன, கல்ச்சர் மட்டும் சுத்தம் என்பது வேறு கதை. நம் நாட்டில் அப்போது முதலில் நினைக்க வேண்டியது காசநோய். அது நுரையீரலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்கும் நீர்ப்பைக்கும் வரும். இருமல் இல்லாமலும் வரும். காசநோய்க் கிருமி சாதாரணக் கல்ச்சரில் வளராது. தொடர்ச்சியாக மூன்று முதல் ஐந்து நாட்கள் அதிகாலைச் சிறுநீரைத் தனியாக அதற்கென்று சோதிக்க வேண்டும். சிபிநாட் என்ற மரபணுச் சோதனையின் முடிவு சில மணி நேரத்தில் வந்துவிடும், கல்ச்சருக்கு வாரங்கள் ஆகும். கவனிக்காமல் விட்டால் நீர்ப்பை நிரந்தரமாகச் சுருங்கிவிடும். இதில் இன்னொரு சிக்கல்: நீர்க்கடுப்புக்கென்று அடிக்கடி எழுதப்படும் லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். உறுதியானால் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கிளமிடியா, கொனோரியா போன்ற பாலுறவுத் தொற்றுகளும் சாதாரணச் சிறுநீர்க் கல்ச்சரில் தெரியாது. இதைக் கேட்க நமக்கும் கூச்சம், சொல்ல மருத்துவருக்கும் தயக்கம். கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாவது, ஸ்கேன்

ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கையில் கொடுத்து, “ஃபுல் ஆனதும் சொல்லுங்கம்மா” என்று உட்காரவைப்பார்கள். 140 மி.லி. பிடிக்கும் நீர்ப்பைக்கு அது தண்டனை. உங்கள் நோட்டிலுள்ள அதிகபட்ச அளவைச் சொல்லி, அதற்கு மேல் தாங்காது, முன்னதாகக் கூப்பிடுங்கள் என்று முதலிலேயே கேளுங்கள். இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல: அளவுக்கு மீறி நிரப்பிய நீர்ப்பை முழுதாகக் காலியாகாது, போய்வந்த பிறகு பார்க்கும் மிச்ச அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். அந்த மிச்ச அளவு முக்கியமானது. இயல்பாகப் போன பிறகும் மீண்டும் மீண்டும் 100 மி.லி.க்கு மேல் தங்குகிறதென்றால் அடைப்பா, நரம்பா என்று பார்க்க வேண்டும். சிறுநீர்க்குழாயின் கீழ்முனையில், நீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில் சிக்கிய சிறு கல், எரிச்சலையும் அவசரத்தையும் அப்படியே நடித்துக்காட்டும். சாதாரண ஸ்கேனில் அது தப்பிவிடலாம், சி.டி.யில் பெரும்பாலும் தப்பாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதவிடாயோடு ஏறி இறங்கும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) பற்றிக் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் பிறப்புறுப்பு வறண்டு வரும் எரிச்சலுக்குப் பூசும் மருந்து உண்டு, நல்ல பலனும் தரும். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் நீர்ப்பையைச் சரிசெய்ய முடியாது. ஆண்களுக்கு இதே வலி வந்தால் எல்லாம் புராஸ்டேட் கணக்கில் எழுதப்பட்டுவிடும். நீர்ப்பை வலி ஆண்களுக்கும் உண்டு.

ஆறாவது, மருத்துவரின் ஐந்து நிமிடம்

பெரிய மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மூன்று ஆண்டுக் கதையை அதற்குள் சொல்ல முடியாது. ஒரே பக்கத்தில், எப்போது தொடங்கியது, மூன்று நாள் கணக்கின் சுருக்கம், தேதிவாரியாகச் செய்த சோதனைகள், சாப்பிட்ட மருந்தும் அதன் பலனும் என்று எழுதி, மூல அறிக்கைகளைத் தேதி வரிசையில் கோத்துக்கொண்டு போங்கள். நான் ஒரு பை நிறையக் காகிதத்தோடு போனபோதெல்லாம் யாரும் அதைத் திறக்கவில்லை. ஒற்றைத் தாளைக் கொடுத்த அன்று மருத்துவர் அதை இருமுறை படித்தார்.

கேள்வியையும் மாற்றிக் கேட்க வேண்டும். ‘எனக்கு என்ன நோய்’ என்று கேட்டால், தெரியாத மருத்துவர் மற்றொரு மாத்திரையை எழுதுவார், அல்லது மனக்கவலை என்பார். ‘எவையெல்லாம் இல்லை என்று உறுதியாகிவிட்டன, இன்னும் பார்க்காதது எது’ என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல வழி கிடைக்கிறது. ஏனென்றால் இந்த நோய்க்கு நீர்ப்பை வலி நோய்க்குறி என்றோ இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்றோ ஒருவேளை பெயர் வந்தால், அது மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுகிற பெயர்தான். ஆறு வாரத்துக்கு மேல் நீர்ப்பை சார்ந்த வலியோ அழுத்தமோ இருந்து, சிறுநீர் அறிகுறிகளும் சேர்ந்து, தொற்றும் வேறு காரணமும் இல்லையென்றால் அப்படி அழைக்கிறார்கள். அதை உறுதிசெய்யும் இரத்தச் சோதனையோ சிறுநீர்ச் சோதனையோ கிடையாது. 1915இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் கய் ஹன்னர் விவரித்த நீர்ப்பைப் புண்கள் சிலருக்கு மட்டுமே இருக்கும். இருந்தால் சிஸ்டோஸ்கோப்பி (மெல்லிய குழாய்க் கேமராவை நீர்ப்பைக்குள் செலுத்திப் பார்ப்பது) வழியாக அவற்றைச் சுட்டோ ஸ்டீராய்டு ஊசி போட்டோ நல்ல நிவாரணம் தர முடியும் என்பதால், வலி கடுமையாக உள்ளவர்கள் அந்தச் சோதனைக்குத் தயங்கக் கூடாது.

ஏழாவது, சிகிச்சை நடக்கும்போதே நடக்கிற வாழ்க்கை

மருந்துகளைப் பற்றி நீட்டமாட்டேன், அது உங்கள் மருத்துவரின் வேலை. இரண்டு விஷயங்கள் மட்டும். இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதினால், மருந்துக் கடைக்காரர் அது மனச்சோர்வு மாத்திரை என்று சொன்னதைக் கேட்டுப் புண்பட வேண்டாம். அந்தக் குறைந்த அளவில் அது நரம்பு வலிக்காகத் தரப்படுகிறது. நீர்ப்பை வலிக்குத் தரப்படும் பென்டோசான் எழுதினால், நீண்ட காலப் பயன்பாட்டில் விழித்திரை பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதால், தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் கண் பரிசோதனை கேளுங்கள்.

உணவில்தான் நம் ஊருக்கென்று தனிச் சங்கடம் உண்டு. பலருக்கு வலியைக் கிளப்புபவை காபி, தேநீர், தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, மிளகாய்க் காரம், சோடா பானங்கள். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ரசம், தக்காளிச் சட்னி, ஊறுகாய், சாயங்காலத் தட்டுவடை செட்டின் காரச் சட்னி என்று எதுவும் தேறாது. காபித் தோட்டமும் ஆரஞ்சுமாக இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்தவளுக்கு அது பெரிய துக்கம். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. மூன்று நான்கு வாரம் அத்தனையையும் நிறுத்திவிட்டு, பாசிப்பருப்புக் கூட்டு, தேங்காய்ப்பால் குழம்பு, சுரைக்காய், ஜவ்வரிசிக் கஞ்சி என்று ஓட்டுங்கள். பிறகு மூன்று நாளைக்கு ஒரு பொருள் வீதம் திரும்பச் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். எனக்குத் தக்காளியும் காபியும் ஆகவில்லை; புளி ஒன்றும் செய்யவில்லை. அது தெரியாமல் ஒரு வருடம் புளிக்குழம்பைக் கைவிட்டிருந்தேன். வாழைத்தண்டுச் சாறு கல்லுக்கு நல்லது என்று ஊரே சொல்லும். கல்லே இல்லாத நீர்ப்பைக்கு அதனிடம் என்ன எதிர்பார்ப்பது?

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து மேலும் எரிக்கும், அளவின்றிக் குடித்தால் கழிப்பறையே கதி. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் வியர்வைக்கு ஏற்பச் சற்றுக் கூட, ஒரே மூச்சில் அல்லாமல் வாய்வாயாகப் பிரித்துக் குடிப்பது போதும். நிறம் வெளிர் வைக்கோலாக இருந்தால் சரி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்து உட்காரும் பெண்களும், தறியை நிறுத்திவிட்டு எழ முடியாத விசைத்தறிக்காரர்களும் தண்ணீரையே தவிர்ப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை அறிவுரை அல்ல, பூட்டாத ஒரு கழிப்பறை. மருத்துவரின் சீட்டில் அடிக்கடி எழுந்து செல்ல அனுமதி வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கி மேலாளரிடம் கொடுப்பது, வாய்மொழியாகக் கெஞ்சுவதைவிடப் பலிக்கும்.

இடுப்புத்தளத் தசைக்குக் கீகல் பயிற்சி, அதாவது அந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சி, செய்யும்படி பலரும் சொல்வார்கள். தும்மினால் கசிகிறவர்களுக்கு அது நல்லது. வலியோடு இறுகிக் கிடக்கும் தசைக்கு மேலும் இறுக்கும் பயிற்சி கேடு. அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சி வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சிழுத்து, விடும்போது அடியில் தளர்வதை உணர்வது தொடக்கம். இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல, ஆனாலும் தேடத் தகுந்தது. வலி சற்று அடங்கிய பின், போகும் இடைவெளியை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நீட்டிப் பார்க்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது அடக்கிப் பழகக் கூடாது.

வலி திடீரென்று கிளம்பும் நாட்கள் வரத்தான் செய்யும். அதற்கென்று வெந்நீர்ப் பை, தளர்ந்த உடை, மருத்துவர் முன்பே எழுதித் தந்த மாத்திரை, கிருமிநீக்கிய டப்பா ஒன்று என்று அலமாரியின் ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். டப்பா எதற்கென்றால், நீர்ப்பை வலி உள்ளவருக்கும் உண்மையான தொற்று வரலாம். இது வழக்கமான கிளர்ச்சிதானா, புதிய தொற்றா என்று ஊகிக்காமல், மாத்திரைக்கு முன் மாதிரியைக் கொடுத்துவிடுவேன்.

மலைக்குப் போகிற நாட்களில் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து அதிகம் குடிப்பதில்லை. ஏறியதற்குப் பிறகு ஈடுசெய்துகொள்கிறேன். குளிரில் சிறுநீர் கூடுதலாகச் சுரக்கும் என்பதால் ஸ்வெட்டரும் காலுறையும் வைத்துக்கொள்கிறேன். வளைவுகளின் குலுக்கலுக்குப் பேருந்தின் நடுப்பகுதி இருக்கை உத்தமம். பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் அன்று மாலைவரை வலிக்கும். அடிவாரத்தில் இறங்கி ஒருமுறை போய்விட்டு அடுத்த வண்டியில் ஏறினாலும் நேரம் ஒன்றும் கெட்டுவிடாது. அம்மா இப்போதும் வாசலில் காபியோடுதான் நிற்கிறாள். எனக்குப் பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டுத் தனி டம்ளர்.